கதவைச் சாத்தியது யார்

வியாழக்கிழமை. மணி எட்டு அடித்து எட்டு நிமிடம் ஆகியிருந்தது. குரூப்பில் ஈ காக்கை இல்லை.

காலையில் கணக்கு டீச்சர் போட்ட ரோஜாப்பூ மட்டும் கிடந்தது. பூவுக்கு அடியில் ‘இனிய காலை’ என்று தங்க எழுத்து. அதற்கு ஒருவர் கைகூப்பியிருந்தார். அன்றைய பேச்சு அத்தோடு சரி.

ஃப்ரிட்ஜ் மெக்கானிக் கைபேசியை உப்பு ஜாடியில் சாய்த்து வைத்துவிட்டுத் தட்டை இழுத்துக்கொண்டான். ஒரு வாய் சாப்பிடுவதும் திரையைப் பார்ப்பதுமாக இருந்தான். சமையலறையில் ஃப்ரிட்ஜ் ஒன்றுதான் முனகிக்கொண்டிருந்தது. அது ஏன் முனகுகிறது என்று அவனுக்குத் தெரியும். கம்ப்ரசருக்கு அடியில் ஒரு ரப்பர் தேய்ந்துவிட்டது. பத்து நிமிட வேலை. ஏழு மாதமாகச் செய்யவில்லை. அதுவும் வாயை மூடிக்கொண்டால் அந்த வீட்டில் பேசுவதற்கு யார் இருக்கிறார்கள்?

குரூப் அவனுடையது இல்லை. அவன் மனைவியுடையது.

‘தூரக்கப்பல்’ என்று ஒரு தொடர். விண்வெளியில் ஒரு கப்பல் வழி தவறிப் போய்விடும். உள்ளே ஐந்து பேர். திரும்பி வர வழி தேடித் தேடியே ஐந்து வருடம் ஓட்டினார்கள். கையில் காசில்லாமல் எடுத்தது பார்த்தாலே தெரியும். கப்பலின் சுவர் அட்டை. நட்சத்திரமெல்லாம் கறுப்புத் துணியில் போட்ட ஓட்டை. ஆனாலும் வியாழன் ஏழரை மணி ஆனால் அவன் மனைவியைக் கையில் பிடிக்க முடியாது. மெக்கானிக் பக்கத்தில் உட்காருவான். முதல் பாட்டு முடிவதற்குள் குறட்டை கிளம்பிவிடும். ஐந்து வருடத்தில் ஒரு எபிசோடையாவது அவன் முழுதாகப் பார்த்தானா என்றால், இல்லை.

அவனுக்குத் தொடர் பிடிக்காது. தொடர் முடிந்தபின் நடக்கும் சண்டை பிடிக்கும்.

ரசிகர் குரூப்பில் அறுபது பேர் இருந்தார்கள். தலைவர் ஒரு பல் டாக்டர். எட்டு மணிக்கு அவர்தான் ஆரம்பிப்பார். “கதவு சாத்தியாச்சா?” என்று கேட்பார். அது கப்பலில் கேப்டன் கேட்கும் கேள்வி. ஒவ்வொருவராக “உள்ள இருக்கேன்” என்று ஆஜர் சொல்ல வேண்டும். அவன் மனைவி மட்டும் எல்லோரும் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்து, “நான் வெளிய இருக்கேன், பிளாஸ்க் தேடறேன்” என்று போடுவாள். உடனே பற்றிக்கொள்ளும்.

பிளாஸ்க் கதை இதுதான். எண்பத்தெட்டாவது எபிசோடில் கப்பலின் வெளியறையில் காற்று கசிகிறது. இன்ஜினியர் அந்த அறைக்குப் போகிறார். கதவு மூடிக்கொள்கிறது. கதவின் கண்ணாடி வழியே அவர் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நிற்பது தெரிகிறது. கதவு மூடியதால் உள்ளே இருந்த நாலு பேரும் பிழைத்தார்கள். இன்ஜினியர் பிழைக்கவில்லை. குரூப்பில் ஐம்பத்தொன்பது பேருக்கு அது தியாகம். மற்றவர்களைக் காப்பாற்றத் தானே கதவைச் சாத்திக்கொண்டு, யாரும் திறந்துவிடாதபடி பிடித்துக்கொண்டும் நின்ற மகான். அவன் மனைவிக்கு மட்டும் அவர் மகான் இல்லை. “முந்தின சீன்ல அவர் பிளாஸ்கை வெளியறையில வெச்சிட்டு வந்தார். அதை எடுக்கப் போனார். மாட்டிக்கிட்டார். அவ்ளோதான்.” மூன்று வருடம் ஒற்றை ஆளாக நின்று இதையே சொன்னாள். அதனால் அவளுக்கு ‘எதிர்க்கட்சி’ என்று பெயர் வந்தது.

டாக்டரிடம் ஒரு பிரம்மாஸ்திரம் இருந்தது. “பிளாஸ்க் எடுக்கப் போறவன் கதவை எதுக்குச் சாத்தணும்?”

அதற்கு மட்டும் அவளிடம் பதில் இல்லை. சுற்றி வளைப்பாள், பேச்சை மாற்றுவாள், டாக்டர் பிடுங்கின பல்லையெல்லாம் வம்புக்கு இழுப்பாள். பதில் மட்டும் வராது. ஒரு நாள் சாப்பிடும்போது கணவனிடமே கேட்டாள். “நீங்க சொல்லுங்க, கதவை ஏன் சாத்தினான்?”

“காத்துல சாத்தியிருக்கும்.”

விண்வெளியில் காற்று! அவள் சிரித்துச் சிரித்து விக்கிப்போனாள். தண்ணீர் குடித்துவிட்டு அதை அப்படியே குரூப்பில் போட்டாள். ஒரு மாதம் அவனை ‘காத்து’ என்றே கூப்பிட்டார்கள்.

இதெல்லாம் அவனுக்கு எப்படித் தெரியும் என்றால், அவள் வாசித்துக் காட்டுவாள். கைபேசியை உப்பு ஜாடியில் சாய்த்துக்கொண்டு, சாப்பிட்டபடியே ஒவ்வொருவருக்கும் ஒரு குரல். டாக்டருக்குச் சிங்கக் குரல். கணக்கு டீச்சருக்கு மூக்கால் ஒரு குரல். நூலகர் ஒருவர் இருந்தார். எந்தச் சண்டைக்கும் அவர் போடுவது “ம்” ஒன்றுதான். அந்த ஒற்றை எழுத்தை அவள் கன்றைத் தேடும் மாடு மாதிரி இழுப்பாள். தான் பேசியதை மட்டும் குரல் மாற்றாமல் சொல்வாள்.

தொடர் முடிந்தும் சண்டை முடியவில்லை. வாரம் ஒரு பழைய எபிசோடைப் போட்டுப் பார்த்து அடித்துக்கொண்டார்கள்.

ஏழு மாதத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை அவள் துணிக் கிளிப் வாங்கக் கடைக்குப் போனாள். கடை வாசலில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மூளையில் ஒரு நரம்பு என்றார்கள். வீட்டுக்கு வந்தவர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். நல்லவங்களை ரொம்ப நாள் விட்டு வைக்க மாட்டான் என்றார் ஒருவர். அவன் எல்லோருக்கும் தலையாட்டினான்.

அந்த வியாழன் எட்டு மணிக்கு அவள் கைபேசி சிணுங்கியது. “கதவு சாத்தியாச்சா?” எல்லோரும் உள்ளே இருந்தார்கள். பிறகு, “எதிர்க்கட்சி எங்க?” “பிளாஸ்க் கிடைச்சிருச்சு போல.” “தோத்துட்டு ஒளிஞ்சிக்கிட்டாங்க.” அவன் எடுத்து எழுதினான். ‘நான் அவள் கணவன். திங்கட்கிழமை இறந்துவிட்டாள்.’

அதன்பின் இரண்டு நாள் அனுதாபம். டாக்டர் வீட்டுக்கே வந்து ஒரு ஓரமாக நின்றுவிட்டு, வாய் திறக்காமல் போனார். என்னையும் குரூப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று இவன் கேட்டான். சேர்த்தார்கள். அன்றிலிருந்து ரோஜாப்பூதான். “கதவு சாத்தியாச்சா?” என்று யாரும் கேட்கவே இல்லை.

தொடர் முடிந்து இரண்டு வருடம் ஆகிறது, ஆட்களுக்கு அலுத்துவிட்டது என்றுதான் நினைத்தான். எந்தப் பித்தும் ஒரு நாள் இறங்கும். குறை சொல்ல ஒன்றுமில்லை. அவள் கைபேசியில் இருந்த பழைய பேச்சைக் கீழிருந்து மேலாகப் படிக்க ஆரம்பித்தான். தினமும் சாப்பாட்டோடு ஒரு மணி நேரம். ஆறு வருடச் சண்டை ஆறு மாதம் வந்தது. போன வாரம் உச்சிக்குப் போய்விட்டான். உச்சியில் டாக்டரின் முதல் வரி. ‘வணக்கம். இது தூரக்கப்பல் ரசிகர் குழு. இங்கே யாரும் சண்டை போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.’ அதற்குக் கீழே அவள். ‘ஏன் போடக் கூடாது?’

அதற்கு மேலே ஒன்றும் இல்லை. இனி வந்தால் கீழேயிருந்துதான் வர வேண்டும். யாராவது எதையாவது பேசினால்தான் உண்டு.

கைபேசி அடித்தது. அக்கா.

“சாப்டியாடா?”

“சாப்பிட்டுட்டே இருக்கேன்.”

“என்ன சாப்பாடு?”

“சூடா இருக்கு.”

“என்ன சாப்பாடுன்னு கேட்டா சூடா இருக்குங்கறான் பாரு. இன்னும் அந்த குரூப்பையே பார்த்துட்டு உக்காந்திருக்கியா?”

“ஆமா.”

“என்ன பேசறாங்க?”

“ஒண்ணும் பேசல.”

“பேசாததை என்னடா பார்க்கற?”

அக்கா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மாமா குளியலறைக் குழாயைப் பிடுங்கிவிட்டார், வீடே குளமாகக் கிடக்கிறது என்று அடுத்ததுக்குப் போய்விட்டாள். அவள் மூச்சு வாங்க நிறுத்தியபோது அவன் திரையைப் பார்த்தான். புதிதாக ஒன்று வந்திருந்தது. கணக்கு டீச்சர். பூ இல்லை. எழுத்து.

‘இங்கயும் யாரும் வாயே திறக்கலன்னா எதுக்குப்பா தனி குரூப்? அந்த மனுஷன் முன்னாடி சிரிச்சா பாவம்னு இங்க வந்தோம். இப்ப நாமதான் பாவமா உக்காந்திருக்கோம்.’

அவன் இரண்டாம் தடவை படித்து முடிப்பதற்குள் வரி காணாமல் போனது. ‘இந்தச் செய்தி நீக்கப்பட்டது’ என்று வந்தது. பின்னாலேயே ஒரு ரோஜாப்பூ வந்தது. இரவு எட்டேகாலுக்கு, ‘இனிய காலை’.

“அக்கா, அப்புறம் பேசறேன்.”

“ஏன்டா?”

“என்னை விட்டுட்டுப் போயிருக்காங்க.”

“யாரு?”

“எல்லாரும்.”

*

டாக்டரின் கிளினிக் இரண்டு தெரு தள்ளி. மறுநாள் பதினொரு மணிக்குக் கருவிப்பையோடு போய் நின்றான். நாற்காலியில் ஒருவர் வாயைப் பிளந்துகொண்டு மல்லாந்திருந்தார். மருந்து போட்ட கன்னம் ஒரு பக்கம் தொங்கியது. டாக்டர் முகமூடியோடு குனிந்திருந்தார்.

“ஃப்ரிட்ஜ் பார்க்க வந்தேன்.”

“நான் கூப்பிடலயே?” திரும்பினார். கையிலிருந்த குட்டிக் கண்ணாடி தட்டில் விழுந்து ஓசைப்பட்டது. “தம்பி... நீங்களா?”

அவர் குரலை மெக்கானிக் முதல் முறையாகக் கேட்டான். சிங்கமாவது ஒன்றாவது. கெட்டிலில் தண்ணீர் கொதிக்கும்போது வருமே, அந்த விசில். அவனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு மூலையில் இருந்த மருந்து ஃப்ரிட்ஜ் பக்கம் போனான். கதவைத் திறந்தான், விட்டான். அது பாதி வழியில் நின்றது.

“இது சரியா மூடாதே டாக்டர்?”

“மூடாது தம்பி. நான் ஒரு நாற்காலியை முட்டுக் குடுத்து வெச்சிருக்கேன்.”

“கேஸ்கெட் போயிடுச்சு.” கதவின் ஓரத்தைச் சுற்றி ஓடும் ரப்பரை நகத்தால் நெம்பிக் காட்டினான். “இந்த ரப்பருக்குள்ள காந்தம் இருக்கு. நல்லா இருந்தா, விரல் அளவு திறந்திருந்தாக்கூட தானா இழுத்துக்கும்.” பிறகு அதே குரலில், “அந்தத் தனி குரூப்ல எத்தனை பேரு?” என்றான்.

டாக்டர் முகமூடியைத் தாடைக்கு இறக்கினார். பொய் சொல்லலாமா என்று ஒரு நொடி யோசித்தது முகத்தில் தெரிந்தது.

“பதினேழு. டீச்சர் போட்டதைப் பார்த்துட்டீங்களா?”

“பார்த்தேன்.”

“தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. அந்த வாரம் நான்தான் ‘கதவு சாத்தியாச்சா’ன்னு கேட்டேன். பிளாஸ்க் கிடைச்சிருச்சான்னு இவங்கெல்லாம் கிண்டல் பண்ணினாங்க. அதுக்கு உங்க பதில் வந்தது. அதுக்கப்புறம் எந்த வாயால அதே கேள்வியைக் கேக்கறது? நீங்க வேற உள்ள இருக்கீங்க. உங்க முன்னாடி உக்காந்து ஒரு பிளாஸ்குக்காக அடிச்சிக்கறதான்னு...”

“ஆ... ஆ...” என்றார் நாற்காலிக்காரர்.

“ஒரு நிமிஷம் சார். வாயை மூடாதீங்க.”

“சரி, தனியா போனீங்க. அங்க சண்டை போட்டீங்களா?” மெக்கானிக் விடவில்லை.

டாக்டர் சுழல் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். “அதை ஏன் கேக்கறீங்க. முதல் வாரமே எண்பத்தெட்டை எடுத்தோம். தியாகம்னு நான் சொன்னேன். ஆமான்னு டீச்சர் சொன்னாங்க. ஆமா ஆமான்னு பதினாலு பேரு. ‘ம்’ ஒண்ணு. அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிடுச்சு. மூணு வருஷச் சண்டை தம்பி, அஞ்சே நிமிஷம்! ரெண்டாவது வாரம் யாருக்கும் பேச ஒண்ணுமில்ல. மூணாவது வாரம் பூ வந்துடுச்சு.” பெருமூச்சு விட்டார். “ஜெயிச்சிட்டோம். அதுதான் பிரச்சனை.”

மெக்கானிக் ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தான்.

“நான் வெளிய போயிடறேன். நீங்க பழைய குரூப்லயே பேசுங்க.”

“நீங்க போனா அவங்க வந்துடுவாங்களா? நாள் பூரா இந்த மாதிரி வாயைத் திறந்து வெச்சவங்களோடதான் நான் பேசறேன். எதிர்த்து ஒரு வார்த்தை வராது. வியாழக்கிழமை எட்டு மணிக்குத்தான் ஒரு ஆளு என்னை ‘போய்யா பல்லு’ன்னு சொல்லும். அதுக்காகவே காத்திருப்பேன்.”

“அப்ப நான் எதிர்க்கறேன்.”

“நீங்களா? எத்தனை எபிசோடு பார்த்திருக்கீங்க?”

“முழுசாவா?”

“முழுசா.”

“ஒண்ணும் இல்ல.”

டாக்டர் சிரித்துவிட்டார். சிரித்தபின் சிரித்துவிட்டோமே என்று வாயைப் பொத்திக்கொண்டார். இவன் முகத்தில் மாறுதல் இல்லாததைப் பார்த்துக் கையை எடுத்தார்.

“தம்பி, அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாம எதிர்க்க முடியாது. பிளாஸ்க் எடுக்கப் போறவன் கதவை எதுக்குச் சாத்தணும்? உங்க வீட்டம்மாவாலயே முடியல.”

அப்போது நாற்காலிக்காரர் கையைத் தூக்கினார். பொறுமை போய்விட்டது. மரத்த வாயால் குழறிக் குழறி, ஆனால் திட்டவட்டமாகச் சொன்னார். “அவரு... வேணும்னேதான்... சாத்தினாரு.”

“பார்த்தீங்களா, பதினெட்டு” என்றார் டாக்டர் சோகமாக.

*

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மெக்கானிக் எண்பத்தெட்டாவது எபிசோடைப் போட்டான். உட்கார்ந்தால் தூங்கிவிடுவோம் என்று நின்றுகொண்டே பார்த்தான். முதல் பாட்டு வந்தது. கண் சொக்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டான். அட்டைச் சுவர், ஓட்டை நட்சத்திரம், மேசைமேல் பிளாஸ்க். இன்ஜினியர் வெளியறையிலிருந்து உள்ளே வருகிறார். பிளாஸ்கை அங்கேயே விட்டுவிட்டார். அவள் சொன்னது சரிதான். சைரன் ஊளையிடுகிறது. இன்ஜினியர் மறுபடி வெளியறைக்கு ஓடுகிறார். கதவு...

மெக்கானிக்கின் தூக்கம் பறந்தது.

பின்னால் ஓட்டினான். மறுபடி பார்த்தான். திரைக்கு ஒரு சாண் பக்கத்தில் போய் நின்றான்.

அது கப்பல் கதவே இல்லை. ஃப்ரிட்ஜ் கதவு. இரட்டைக் கதவு மாடலில் கீழ்க் கதவு. நடுவில் வட்டமாக அறுத்துக் கண்ணாடி வைத்து, மேலே வெள்ளிப் பெயின்ட் அடித்திருந்தார்கள். பெயின்ட் அடித்தால் தெரியாதா? அந்தக் கீலை அவன் கையால் எத்தனை நூறு முறை கழற்றியிருக்கிறான்! ஓரத்தில் கேஸ்கெட்கூட அப்படியே இருந்தது. கதவை மாட்டிய சட்டம் கொஞ்சம் பின்னால் சாய்ந்திருந்தது. ஃப்ரிட்ஜை அப்படித்தான் நிறுத்துவார்கள், முன்கால் இரண்டும் ஒரு திருகு உயரமாக. திறந்து விட்ட கதவு தானே மூடிக்கொள்வதற்காக.

பதினொரு முறை பார்த்தான். இன்ஜினியர் வெளியறைக்குள் ஓடும்போது அவர் கை இரண்டும் முன்னால் இருக்கின்றன. கதவின் மேல் யார் கையும் படவில்லை. அது பின்னாலிருந்து மெதுவாக வருகிறது. கடைசி விரல் அளவுக்கு வந்ததும் டப்பென்று ஒட்டிக்கொள்கிறது. அந்த ‘டப்’பை அவன் உறக்கத்திலும் சொல்வான்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. கண்ணாடி வழியே இன்ஜினியர் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நிற்கிறார். அந்தக் கதவு கப்பல் பக்கமாகத் திறப்பதில்லை, அவர் பக்கமாகத்தான் திறக்கும். யாரும் திறக்காமல் பிடித்துக்கொள்கிறவர் அதை நெட்டித் தள்ள வேண்டும். தோள் முன்னால் வர வேண்டும். இவர் தோள் பின்னால் போகிறது. ஒரு காலைச் சுவரில் ஊன்றியிருக்கிறார்.

மெக்கானிக் சமையலறைக்குப் போனான். தன் ஃப்ரிட்ஜ் கதவைக் கொஞ்சமாகத் திறந்து விட்டான். வந்து ஒட்டிக்கொண்டது. கைப்பிடியைப் பற்றி இழுத்தான். குனிந்து தன் குதிகாலைப் பார்த்தான். பின்னால் ஊன்றியிருந்தது.

மூன்று வருடமாக அவள் தலையைப் பிய்த்துக்கொண்டு தேடிய பதில், வியாழன் தவறாமல் பக்கத்திலேயே உட்கார்ந்து குறட்டை விட்டிருக்கிறது. அதை எழுப்பி ஒரு நிமிடம் திரையைப் பார்க்கச் சொல்லியிருந்தால் போதும்.

கைபேசியை எடுத்து, அந்தக் கதவு தானாக மூடிக்கொள்வதைப் படம் பிடித்தான். பிறகு வியாழனுக்கு நாலு நாள் எண்ணத் தொடங்கினான்.

*

வியாழன் எட்டு மணிக்கு, பழைய குரூப்பில், மெக்கானிக் எழுதினான்.

‘கதவு சாத்தியாச்சா?’

எழுதிவிட்டுத் தட்டை இழுத்துக்கொண்டான். கை தட்டுக்குப் போகவில்லை. பதினொரு பேர் பார்த்துவிட்டதாகத் திரை சொன்னது. பத்தொன்பது பேர். இருபத்தாறு. எழுத்து ஒன்றுகூட வரவில்லை. நாலு நிமிடம் போனது. தப்புப் பண்ணிவிட்டோமோ என்று வரியை அழிக்க விரலைக் கொண்டுபோனான்.

நூலகர் வந்தார். ‘ம்.’

ஒரு நிமிடம் கழித்துக் கணக்கு டீச்சர். ‘உள்ள இருக்கேன்.’

‘உள்ள இருக்கேன்.’ ‘உள்ள.’ ‘இருக்கேன் இருக்கேன்.’ வரிசையாக விழ ஆரம்பித்தது. கடைசியாக டாக்டர். ‘உள்ளதான் இருக்கேன் தம்பி.’

எல்லோரும் சொல்லி முடிக்கும்வரை அவன் காத்திருந்தான். பிறகு ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மனதுக்குள் எழுதி எழுதி அழித்ததை அனுப்பினான்.

‘எண்பத்தெட்டு பார்த்தேன். நின்னுக்கிட்டே பார்த்தேன். கதவை இன்ஜினியர் சாத்தல. யாரும் சாத்தல. அது ஃப்ரிட்ஜ் கதவு. சட்டம் பின்னால சாய்ஞ்சிருக்கு, அதனால தானா சாத்திக்கிச்சு. அவர் போனது பிளாஸ்க் எடுக்கத்தான்.’

கூடவே தன் சமையலறைக் கதவு தானாக மூடிக்கொள்ளும் வீடியோ.

‘என்னது? ஃப்ரிட்ஜா?’

‘அட ஆமா. அந்தக் கைப்பிடி எங்க வீட்டு ஃப்ரிட்ஜ்ல இருக்கு!’

‘இருந்தா? கதைல அது கப்பல் கதவு. செட்டு போட்டவன் ஃப்ரிட்ஜை வெச்சா அதுக்கு இன்ஜினியர் என்ன பண்ணுவாரு?’ இது டாக்டர்.

‘கதைலயும் யாரும் தொடலயே டாக்டர். கையைப் பாருங்க. முன்னாடி இருக்கு.’

‘காலால உதைச்சிருப்பாரு!’

‘ரெண்டு காலும் ஓடுது. மூணாவது கால் ஏது?’

கணக்கு டீச்சர் பிரம்போடு வந்தார். ‘ஒரு நிமிஷம். விண்வெளில எடையே கிடையாது. சட்டம் சாய்ஞ்சா கதவு எப்படி மூடும்?’

அவன் யோசிக்கவே இல்லை. ‘எடை இல்லன்னா பிளாஸ்க் எப்படி மேசைமேல நின்னுச்சு?’

‘டீச்சர் அவுட்!’

‘அவங்க கணக்கு டீச்சர்தானப்பா, அறிவியலுக்கு வேற டீச்சர்.’

‘யார் அவுட்? நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல’ என்றார் டீச்சர்.

டாக்டர் விடவில்லை. ‘என் கிளினிக் ஃப்ரிட்ஜ் கதவு மூடவே மாட்டேங்குதே, அதுக்கு என்ன சொல்றீங்க?’

‘கேஸ்கெட் போயிடுச்சுன்னு அன்னைக்கே சொன்னேன். கப்பல்ல கேஸ்கெட் புதுசு.’

‘யோவ் கேஸ்கெட்! ஒரே ஒரு எபிசோடு பார்த்துட்டு வந்து எங்களுக்குப் பாடம் நடத்தறியா?’ இது யாரென்றே அவனுக்குத் தெரியவில்லை. விசாரித்தால் லாரி டிரைவர். ஒரு வருடமாகக் குரூப்பைச் சத்தமில்லாமல் வைத்திருந்தாராம். எதேச்சையாக எட்டிப் பார்த்தால் தீ எரிகிறது. லாரியை ஓரம் கட்டிவிட்டு வந்திருக்கிறார்.

அவன் அடுத்ததை எடுத்தான். தோள், குதிகால், கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்ற விவரம். ‘பிடிச்சிக்கிட்டு நிக்கல. இழுக்கறார். நான் ஒரு நாளைக்கு இருபது கதவு இழுக்கறேன். இழுக்கற உடம்பு எனக்குத் தெரியும்.’

எல்லோரும் எபிசோடைத் தேடி ஓடியிருக்க வேண்டும். கொஞ்சம் கழித்துக் கணக்கு டீச்சர் எழுதினார். ‘அப்ப அவர் உள்ள வரத்தான் பார்த்தாரா?’

‘ஆமா. முடிஞ்ச வரைக்கும் இழுத்தார்.’

மெக்கானிக் ஒரு வாய் சாப்பிட்டான். ஆறிப்போயிருந்தது.

அப்போதுதான் அந்த அதிசயம் நடந்தது. நூலகர் ஏதோ எழுதிக்கொண்டிருப்பதாகத் திரை காட்டியது. ஒரு ‘ம்’முக்கு இவ்வளவு நேரம் ஆகாது.

‘இழுக்கிறார் என்றுதான் நானும் முதல் நாளிலிருந்து நினைத்தேன்.’

குரூப் வெடித்தது.

‘சார்!!!’

‘பேசறாரு! பேசறாரு!’

‘முதல் நாள்லேர்ந்தா? அப்ப எதிர்க்கட்சி ஒத்தையா நின்னு அடி வாங்கினப்ப ஏன் சார் வாயைத் திறக்கல?’

‘யாரும் என்னைக் கேட்கவில்லை.’

‘அடப்பாவி மனுஷா!’

‘ஒத்துக்க மாட்டேன்’ என்று டாக்டர் கத்தினார். ‘ரெண்டு பேர் சேர்ந்தா கட்சியா? தியாகம்தான். நாளைக்கே என் செலவுல ஒரு ஃப்ரிட்ஜ் கதவைக் கழட்டி நிறுத்தி நிரூபிக்கறேன்.’

‘கழட்டறதுக்கு என்னைத்தானே கூப்பிடணும்?’ என்று மெக்கானிக் எழுதினான். ‘போய்யா பல்லு.’

அனுப்பியபின்தான் என்ன எழுதினோம் என்று பார்த்தான். அடுத்த வரி வருவதற்குள் அக்காவின் அழைப்பு குறுக்கே வந்தது.

“சாப்டியாடா?”

“அக்கா, அப்புறம் பேசறேன். இங்க ஒருத்தர் என்னை யோவ்னு சொல்லிட்டாரு.”

“யாருடா அவன்? எதுக்குச் சொன்னான்? மாமாவை அனுப்பட்டுமா?”

“வேணாம். லாரி டிரைவர். இன்னும் மூணு பேரு திட்ட வரிசைல நிக்கறாங்க. வெச்சிடறேன்.”

“இதுக்கு ஏன்டா இவ்ளோ சந்தோஷமா பேசற?” என்று அக்கா கேட்டுக்கொண்டிருக்கும்போதே வைத்துவிட்டான்.

திரும்பிப் பார்த்தால் நாற்பது வரி சேர்ந்திருந்தது. டாக்டர் மட்டுமே ஒன்பது. எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. அவசரமில்லை. மெக்கானிக் கைபேசியை உப்பு ஜாடியில் மறுபடி சாய்த்தான். தொண்டையைக் கனைத்துக்கொண்டான். ஃப்ரிட்ஜ் முனகிக்கொண்டிருந்தது. எட்டி அதை ஒரு தட்டுத் தட்டினான்.

டாக்டரின் முதல் வரியை வாய்விட்டு வாசித்தான். கெட்டில் விசில் குரல் அவன் காதில் இன்னும் இருந்தது. ஆனாலும் சிங்கக் குரலில்தான் வாசித்தான். சரியாக வரவில்லை. இரண்டாம் வரிக்கு இன்னும் கொஞ்சம் அடிவயிற்றிலிருந்து எடுத்தான்.